பழைய கார் ரேடியோவை மாற்றலாமா?

கேள்வி: தாத்தா வாங்கிய 1975 மாடல் பிரீமியர் பத்மினி எங்களிடம் இருக்கிறது. அதன் ஒரிஜினல் ரேடியோ மெலிதாகத்தான் பாடுகிறது; இன்ஜின் ஓடினால் ஊளைச் சத்தம் பாட்டை விழுங்கிவிடுகிறது. டேஷ்போர்டை வெட்டிப் புது செட் மாட்டிவிடலாம் என்கிறார் கடைக்காரர். என்ன செய்யலாம்? (வாசகர், திருமங்கலம்)

பதில்: வெட்ட மட்டும் சம்மதிக்காதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ரேடியோ செத்துவிடவில்லை, வற்றிப்போயிருக்கிறது. சித்திரை வெயிலில் மூடிக் கிடக்கும் காரின் டேஷ்போர்டுக்குள் ஏறும் சூட்டில், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்களுக்குள் இருக்கும் ஈரம் ஆண்டுக்கு ஆண்டு காய்ந்து, ஒலி குறைந்துகொண்டே வரும். அவற்றை மாற்றினாலே பாதி உயிர் திரும்பிவிடும். இந்த வேலையை மியூசிக் சிஸ்டம் மாட்டுபவரிடம் கொடுக்காமல், டிரான்சிஸ்டர் ரேடியோ பழுது பார்த்துக் கை பழகிய பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் சிறு கிழிசல் என்றால், மெல்லிய டிஷ்யூ காகிதத்தையும் நீர்த்த வெள்ளைப் பசையையும் கொண்டு ஒட்டிக்கொள்ளலாம்.

பலரும் மறந்துவிடுவது ஏரியல் டிரிம்மரை. ஏரியல் சொருகும் துளைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய திருகு அது; ஏரியலுக்கு ஏற்ப ரேடியோவைச் சரிசெய்வது. டயலில் 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கம் தேய்ந்து கேட்கும் நிலையம் ஒன்றைப் பிடித்து, ஒலி உச்சத்தைத் தொடும் வரை அதை மெல்லத் திருப்புங்கள்.

இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை டைனமோவிலிருந்து வருவது. அதன் தடித்த வயர் முனைக்கும் பாடிக்கும் இடையே இரைச்சலை அடக்கும் 1 மைக்ரோஃபாரட் சப்ரசர் கண்டன்சர் ஒன்றை வையுங்கள். 'எஃப்' என்று குறித்த ஃபீல்டு முனையில் வைத்துவிடக் கூடாது. ஊளைக்குப் பதில் டிக் டிக் என்று கேட்டால் இக்னிஷன்தான் காரணம். ரெசிஸ்டர் உள்ள ஸ்பார்க் பிளக் மூடிகள் அதைத் தணிக்கும்.

மொபைல் பாட்டும் வேண்டுமென்றால், சின்ன புளூடூத் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை சீட்டுக்கு அடியில் ஒளித்துவைத்து, அதற்குத் தனி ஸ்பீக்கர்களைக் கொடுங்கள். பழைய கார்கள் பலவற்றில் ஸ்பீக்கரின் ஒரு முனை பாடியிலேயே எர்த் ஆகியிருக்கும். இன்றைய ஆம்ப்ளிஃபயர்கள் பெரும்பாலானவற்றில் இரண்டு ஸ்பீக்கர் முனைகளிலும் மின்னழுத்தம் இருப்பதால், அந்தப் பழைய வயரில் இணைத்தால் ஆம்ப்ளிஃபயரின் ஐசி (சில்லு) புகைந்துவிடும். அவசரப்பட்டு நான் ஒரு முறை புகைத்திருக்கிறேன். ஆகவே ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு வயர்களைத் தனியாக இழுத்துவிடுங்கள்.

கேள்வி: 1956 மாடல் மாரிஸ் மைனரில் புதிய செட்டை அப்படியே மாட்டலாமா? (வாசகர், சோழவந்தான்)

பதில்: கூடாது. அந்த வண்டி பாசிட்டிவ் எர்த்; அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். புது செட்டின் உலோகப் பெட்டியும் ஏரியல் வயரின் வெளி உறையும் நெகடிவ். பாடியில் பட்ட நொடியே ஷார்ட் ஆகிவிடும். பேட்டரி வயர்களை மாற்றி, டைனமோவுக்கும் துருவம் மாற்றி வண்டியையே நெகடிவ் எர்த் ஆக்கலாம். ஆனால் அதைப் பழைய கார் எலக்ட்ரீஷியன் செய்வதே நல்லது. அதற்கு மனமில்லையென்றால், பேட்டரியில் ஓடும் சிறிய புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றைக் டேஷ்போர்டில் உள்ள கிளவ் பாக்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.