ஈஎம்ஐ குறைகிறதாம், மச்சானின் சைக்கிளை வாங்கலாமா?

கேள்வி: வயது 36. ஐடி வேலை, கைக்கு வருவது 74,000 ரூபாய். இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் ஹைப்ரிட் சைக்கிளில் ஈசிஆரில் ஓட்டுகிறேன். குழுவில் எல்லோரும் ரோடு பைக்குக்கு (சாலையில் வேகமாக ஓட்டுவதற்கான சைக்கிள்) மாறிவிட்டார்கள், நான்தான் கடைசியில் வருகிறேன். மனைவியின் தம்பி 2021-ல் 1,60,000 ரூபாய்க்கு வாங்கிய கார்பன் சைக்கிளை (ஷிமானோ 105 கியர், ஃபிரேம் சைஸ் 56) எனக்கு 95,000-க்குத் தருகிறேன் என்கிறார். 3,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லையாம், அதிலும் பாதி வீட்டுக்குள் ட்ரெய்னரில் மாட்டி ஓட்டியதாம். வெளியில் 1,10,000-க்குக் கேட்கிறார்கள், சீக்கிரம் சொல்லுங்கள் என்கிறார். 2021-ல் ஐந்து வருடத்துக்கு எடுத்த 3 லட்சம் பர்சனல் லோனில், இடையில் மச்சானின் கல்யாணச் சீருக்கும் வீட்டுச் செலவுக்கும் எடுத்த இரண்டு டாப்-அப்பும் (அதே கடனின் மேல் வாங்கும் கூடுதல் கடன்) சேர்த்து, இன்று 2,90,000 பாக்கி. 15% வட்டி, ஈஎம்ஐ 9,630, இன்னும் 38 மாதம். ஒரு தவணையும் தவறியதில்லை. இப்போது டாப்-அப் எடுத்தால் ஈஎம்ஐ 9,160 ஆகக் குறையும் என்று வங்கியின் செயலி காட்டுகிறது. அவசரத்துக்கு 1,50,000 எஃப்டி, 22,000 அளவில் டிஜிட்டல் தங்கம் இருக்கின்றன. என் உயரம் 5 அடி 6 அங்குலம். பழைய ரோடு பைக் வாங்குவதில் என்ன லாபம், என்ன நஷ்டம்?

பதில்: சைக்கிளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்த டாப்-அப்தான் உறுத்துகிறது, அதை முதலில் முடித்துவிடலாம்.

95,000 ரூபாய் கூடுதலாகக் கடன் வாங்கினால் ஈஎம்ஐ எப்படிக் குறையும்? பழைய பாக்கி 2,90,000-உடன் 95,000-ஐச் சேர்த்து, 3,85,000 என்று புதுக் கடனாக எழுதி, மறுபடியும் 60 மாதத்துக்கு நீட்டிவிடுகிறார்கள். அவ்வளவுதான் வித்தை. தோராயமாகக் கணக்குப் போடுவோம். இப்போதைய கடனை அப்படியே கட்டி முடித்தால் 38 × 9,630, அதாவது சுமார் 3,66,000. டாப்-அப் எடுத்தால் 60 × 9,160, சுமார் 5,49,000. வித்தியாசம் 1,83,000 ரூபாய். ப்ராசஸிங் கட்டணமும் அதன் மேல் 18% ஜிஎஸ்டியும் தனி.

உங்கள் மச்சான் இதே சைக்கிளைப் புத்தம் புதிதாக 1,60,000-க்கு வாங்கினார். ஐந்து வருடம் பழையதான பிறகு நீங்கள் 1,83,000 கொடுக்கப் போகிறீர்கள். சைக்கிளுக்கு மட்டும் இவ்வளவு வட்டி ஏறவில்லை. சீருக்கும் வீட்டுச் செலவுக்கும் எப்போதோ வாங்கிச் செலவழித்த பணத்துக்கும் சேர்த்து இன்னும் 22 மாதம் கூடுதலாக வட்டி கட்டுவீர்கள்.

2021 கடன் 2026-ல் தீர்ந்திருக்க வேண்டும். இத்தனை வருடம் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியும், இன்றைய பாக்கி அன்று வாங்கியதைவிட வெறும் 10,000 குறைவு. சம்பளம் போதாததால் வந்த நிலை இல்லை இது. கடன் பாதி கரையும்போதெல்லாம் செயலியில் 'உங்களுக்காக ஒப்புதல் தயார்' என்று ஒரு பச்சைப் பட்டன் வருகிறது, நீங்களும் அழுத்துகிறீர்கள். ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்குத்தான் அந்தப் பட்டன் வரும். அதைப் பாராட்டுப் பத்திரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வங்கியின் செயலியில் கடன் சலுகை அறிவிப்புகளை நிறுத்தும் வசதி இருந்தால் இன்றே நிறுத்துங்கள். இல்லையென்றால் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேளுங்கள்.

சரி, சைக்கிளுக்கு வருவோம்.

பழையது வாங்குவது பொதுவாக நல்ல யோசனைதான், அதில் எனக்கு மறுப்பில்லை. புதுசு என்ற மதிப்பு போகும்போது வரும் நஷ்டத்தை முதல் சொந்தக்காரர் ஏற்றுக்கொள்கிறார். கொரோனா காலத்தில் ஆசையாக வாங்கிய சைக்கிள்கள் எத்தனையோ அடுக்குமாடி பார்க்கிங்கில் தூசி படிந்து நிற்கின்றன, பேரம் பேச இடமும் இருக்கிறது. ஆனால் பழைய பில்லை வைத்து விலை சொல்பவரிடம் ஒன்றை நினைவூட்டுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது. வரியோடு 1,12,000-க்கு விற்ற சைக்கிள் 1,05,000 ஆகியிருக்க வேண்டும். எனவே இன்றைய புது விலையோடுதான் ஒப்பிட வேண்டும், 2021 விலையோடு அல்ல. பெரிய பிராண்டுகள் பலவும் ஃபிரேமுக்கான வாரண்டியை முதலில் வாங்கியவருக்கு மட்டுமே தருகின்றன என்பதையும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குறிப்பிட்ட சைக்கிளோ உங்களுக்குச் சேரவே சேராது. 5 அடி 6 உயரத்துக்கு 52 அல்லது அதை ஒட்டிய சைஸ்தான் வரும். 56 என்பது 5 அடி 10-க்கு மேல் உள்ளவர்களுக்கு. ஸ்டெம்மை (ஹேண்டில்பாரை ஃபிரேமோடு இணைக்கும் துண்டு) குட்டையாக மாற்றிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். மகாபலிபுரம் போய்த் திரும்புவதற்குள் கழுத்தும் தோளும் பதில் சொல்லிவிடும்.

'ட்ரெய்னரில்தான் ஓட்டினேன்' என்பதை நல்ல செய்தியாகச் சொல்கிறார், இல்லையா? மின்விசிறி காற்று போதாத அறையில் ஒரு மணி நேரம் மிதித்தால் வியர்வை நேராக ஹேண்டில்பாரிலும், அது திரும்பும் இடத்து பேரிங்கான ஹெட்செட்டிலும் சொட்டும். ஹேண்டில்பாரில் சுற்றிய டேப்பைப் பிரித்துப் பார்த்தால் அலுமினியம் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருக்கும், ஸ்டெம் போல்ட்டில் துரு ஏறியிருக்கும். கடற்கரை ஊரில் சீட்போஸ்ட் (சீட்டைத் தாங்கும் குழாய்) ஃபிரேமோடு இறுகிப்போவதும் சகஜம். அப்புறம் டயர்: ஓடாமல் நின்றாலும் ஐந்து வருடத்தில் ரப்பர் கெட்டியாகிவிடும். டயர், செயின், கேசட் (பின்சக்கரப் பற்சக்கர அடுக்கு), கேபிள், சர்வீஸ் என்று எல்லாம் சேர்ந்தால் 12,000 முதல் 15,000 வரை ஆகலாம். 95,000 என்பது அங்கே 1,10,000 ஆகிவிடுகிறது. கார்பனில் அடிபட்ட விரிசல் பெயிண்டுக்குள் ஒளிந்திருந்தால், தட்டிப் பார்த்தெல்லாம் உறுதியாகச் சொல்ல முடியாது. முதல் ரோடு பைக்குக்கு அந்தக் கவலை எதற்கு?

மச்சானிடம் 'சைஸ் சேரவில்லை' என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான், மனஸ்தாபமும் வராது. 1,10,000-க்கு ஆள் இருக்கிறது என்கிறாரே, அந்த ஆளுக்கே கொடுக்கட்டும். மச்சானுடைய கல்யாணச் சீருக்கு ஏற்கெனவே ஒரு டாப்-அப் எடுத்தவர் நீங்கள். அவருடைய அடுத்த சைக்கிளுக்கும் நீங்களேதான் முன்பணம் போட வேண்டுமா என்ன?

உங்களுக்குச் சைக்கிள் வேண்டும் என்பது புரிகிறது. வேண்டாம் என்று சொன்னால் ஆறு மாதம் கழித்து நோ காஸ்ட் ஈஎம்ஐயில் ஏதாவது வாங்கி வந்து நிற்பீர்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது, அந்த வட்டி விலையிலோ கட்டணத்திலோ ஒளிந்திருக்கும். எனவே பட்ஜெட் 40,000. அந்த டிஜிட்டல் தங்கத்தை விற்றுவிடுங்கள். வாங்கும்போதே 3% ஜிஎஸ்டி, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே ஓர் இடைவெளி, அதன் மேல் செபியின் கண்காணிப்பும் இல்லை. அதை ஏன் சேர்த்தீர்கள் என்று தனியாக ஒருநாள் பேசுவோம். அது 22,000, ஹைப்ரிட்டை விற்றால் ஒரு 8,000, மாதம் 3,500 வீதம் மூன்று மாதத்தில் 10,500. ஆகமொத்தம் 40,500. எஃப்டியைத் தொடாதீர்கள். இந்தப் பணத்துக்கு அலுமினிய ஃபிரேம், ஷிமானோ கிளாரிஸ் அல்லது சோரா கியர் உள்ள, 52 சைஸ் பழைய சைக்கிளைத் தேடுங்கள். 35,000-க்குள் முடித்துக்கொண்டு மீதியை சர்வீஸுக்கு வையுங்கள். குழுவில் கடைசியில் வருவது கார்பன் இல்லாததால் மட்டும் இருக்காது.

பார்க்கப் போகும்போது அங்குலக் குறியுள்ள ஒரு ஸ்கேல் போதும். செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 பின் தள்ளி அளந்தால் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அதற்கு மேல் 1/8 அங்குலம் இழுத்திருந்தால் செயின் போய்விட்டது, கேசட்டும் பெரும்பாலும் கூடவே போயிருக்கும், அந்தத் தொகையைக் குறைத்துக் கேளுங்கள். ஹெட் டியூபும் (ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள குட்டைக் குழாய்) டவுன் டியூபும் (அங்கிருந்து பெடல் பக்கம் சாய்ந்து இறங்கும் குழாய்) சேரும் இடத்துக்கு அடியில் விரலை ஓட்டுங்கள். பெயிண்ட் அலை அலையாக இருந்தால் எதிலோ நேராகப் போய் மோதியிருக்கிறது, கிளம்பி வந்துவிடுங்கள்.

சைக்கிளுக்கு ஆர்சி புத்தகம் கிடையாது. அசல் பில்தான் ஒரே அத்தாட்சி. இரண்டு பெடல் தண்டுகளும் சேரும் அச்சுக்கு அடியில் பெரும்பாலும் ஃபிரேமில் பொறித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பில்லில் எண் இருந்தால் ஒத்துப் பாருங்கள், பணத்தை யுபிஐயில் அனுப்புங்கள். பில் தொலைந்துவிட்டது, அதனால் 10,000 குறைத்துத் தருகிறேன் என்றால் அந்தச் சைக்கிள் வேண்டாம்.