பழைய கருப்பு வெள்ளை போட்டோல இருக்குற மெஸ்ஸர்ஸ்மிட் 109 (ரெண்டாம் உலகப்போர் ஜெர்மன் சண்டை விமானம்) எந்த வேரியன்ட்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கேள்வி கேட்டவர் கீழ விவரமும் குடுத்திருக்கார். பழைய ஆல்பத்துல கிடைச்ச போட்டோ, 1944 கடைசின்னு எழுதியிருக்கு, மூக்குல ரெண்டு பக்கமும் புடைப்பு இருக்கு, வால் உயரமா இருக்கு, காக்பிட் மூடில கம்பி கம்மியா இருக்கு, ஒருத்தர் ஜி-6னு சொல்றார் இன்னொருத்தர் ஜி-14னு சொல்றார், எது சரின்னு கேக்குறார்.

நேரா சொல்லிடுறேன், நீங்க சொன்ன அந்த மூணு அடையாளத்த மட்டும் வச்சு ரெண்டுல எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஏன்னு கீழ வரேன். அதுக்கு முன்னாடி பொதுவா எப்படிப் பாக்கணும்னு சொல்றேன், நான் 1/72 பிளாஸ்டிக் மாடல் ஒட்ட ஆரம்பிச்சு அப்பறம் மாடல விட்டுட்டு போட்டோவ மட்டும் பாத்துட்டு இருக்குற ஆளு, வருஷக்கணக்கா இதுதான் வேலை.

முதல்ல விமானத்த பாக்காதீங்க, போட்டோவ பாருங்க. நெகட்டிவ் திருப்பி பிரின்ட் போட்ட படங்கள் நிறைய சுத்துது. 109ல இன்ஜினுக்கு காத்து போற உருண்டையான இன்டேக் இடது பக்கம் மட்டும்தான் இருக்கும், காக்பிட் மூடி எப்பவும் வலது பக்கமா சாஞ்சுதான் திறக்கும், கையால சுத்தி ஸ்டார்ட் பண்ற கிராங்க் போடுற ஓட்டை வலது பக்கம். இன்டேக் வலது பக்கம் தெரிஞ்சா படம் திரும்பியிருக்கு, அத சரி பண்ணாம மேல போனீங்கன்னா எல்லாமே தப்பாகும்.

அடுத்தது கலர். அந்தக் காலத்துல ஆர்த்தோக்ரோமேடிக் ஃபிலிமும் புழக்கத்துல இருந்துச்சு, பான்க்ரோமேடிக் ஃபிலிமும் இருந்துச்சு. ஆர்த்தோல சிவப்பு கிட்டத்தட்ட கருப்பா விழும், மஞ்சள் நம்ம கண்ணுக்குத் தெரியறதவிட இருட்டா விழும், நீலம் வெளிறிப் போயிடும். பான்ல மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தா அதே மஞ்சள் மூக்கு வெள்ளை மாதிரி தெரியும். அதனால ஒரே விமானத்தோட நம்பர ஒருத்தர் கருப்பும்பாரு, ஒருத்தர் மஞ்சளும்பாரு, ஒருத்தர் சிவப்பும்பாரு, மூணு பேரும் அவங்க கையில இருக்குற படத்துல பாத்தத உண்மையாதான் சொல்றாங்க. படத்துலயே கலர் நமக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு பொருள தேடுங்க, வால்ல இருக்குற ஸ்வஸ்திகாவோட கருப்பு, சிலுவையோட வெள்ளை ஓரம், அதோட ஒப்பிட்டுதான் மத்த டோன பேசணும்.

இப்ப விமானம். 109 மாடலுக்கு வச்ச எழுத்துல பி, சி, டி மூணும் ஜூமோ 210 இன்ஜின், மூக்குக்கு கீழ தாடை மாதிரி பெரிய ரேடியேட்டர் தொங்கும், புரொபெல்லர்ல ரெண்டு பிளேடுதான். இத யாரும் குழப்பிக்க மாட்டாங்க.

ஈ, அதாவது எமில் (ஜெர்மன்காரங்க எழுத்துக்கு வச்ச பேருலயே கூப்பிடுவாங்க, எமில், ஃப்ரீட்ரிஷ், குஸ்டாவ், எனக்கும் அப்படித்தான் பழகிப்போச்சு), டெய்ம்லர் பென்ஸ் 601 இன்ஜின், மூணு பிளேடு, ரேடியேட்டர் ரெண்டும் இறக்கைக்கு அடியில போயிடுச்சு, இறக்கை நுனி வெட்டி விட்ட மாதிரி சதுரமா இருக்கும், பின்னாடி வால் இறக்கைக்கு கீழ முட்டுக்கம்பி ஒண்ணு சாய்வா நிக்கும். அந்த முட்டுக்கம்பி தெரிஞ்சா எமில் இல்லன்னா அதுக்கு முந்தினது, அங்கயே பாதி வேலை முடிஞ்சிடும். ஈ-1ல இறக்கைல சின்ன மெஷின் கன், ஈ-3ல 20 மில்லிமீட்டர் கேனன், குழல் இறக்கை முன்னாடி தடியா நீட்டிட்டு இருக்கும். ஈ-4க்கு தடிக் கம்பி போட்ட சதுரமான மூடின்னு எல்லாரும் எழுதுவாங்க, சரிதான், ஆனா பழைய ஈ-1, ஈ-3க்கும் பட்டறைல அதே மூடிய மாத்தியிருக்காங்க. அதனால மூடிய மட்டும் பாத்து ஈ-4னு எழுதாதீங்க, நானே ரெண்டு படத்துக்கு அப்படி எழுதி அப்பறம் இறக்கைல கேனன் குழலே இல்லங்கறத பாத்து திருத்தினேன்.

ஃப்ரீட்ரிஷ் வந்தப்ப ஆளே மாறிட்டான். இறக்கை நுனி உருண்டை, முட்டுக்கம்பி போச்சு, மூக்கு வழுவழுன்னு ஆச்சு, இறக்கைல துப்பாக்கியே கிடையாது, எல்லாம் மூக்குலதான். எஃப்-2வா எஃப்-4ஆன்னு பிரிக்க புரொபெல்லர் பிளேடு பாருங்க, எஃப்-4ல அகலம். படம் தெளிவா இருந்தா காக்பிட்டுக்கு பின்னாடி இடது பக்கம் ஒரு மஞ்சள் முக்கோணம் இருக்கும், பெட்ரோல் ஆக்டேன் நம்பர் அதுல எழுதியிருப்பாங்க, 87னு இருந்தா எஃப்-4 பக்கம் போகலாம், சி3 (100 ஆக்டேன் பெட்ரோலுக்கு அவங்க வச்ச பேரு) இல்லன்னா 100னு இருந்தா எஃப்-2. இன்டேக் முன்னாடி நீளமா டப்பா மாதிரி மணல் ஃபில்டர் இருந்தா டிராப்பிக்கல் மாடல், காக்பிட்டுக்கு கீழ இடது பக்கம் கண்ணீர்த்துளி மாதிரி ரெண்டு சின்ன தாங்கியும் இருக்கும், பாலைவனத்துல தரையில நிக்கும்போது பைலட்டுக்கு வெயில் படாம குடை மாட்டுறதுக்கு. அந்த ரெண்டு துளிய ஒரு மங்கலான படத்துல முதல் தடவ கண்டுபிடிச்சப்ப எனக்கு இருந்த சந்தோஷம் இன்னும் ஞாபகம் இருக்கு.

இனி குஸ்டாவ், உண்மையான சிக்கல் இங்கதான். ஜி-2 தூரத்துல எஃப்-4 மாதிரியேதான் இருக்கும். புரொபெல்லர் கூம்புக்கு பின்னாடி பக்கத்துக்கு ரெண்டா நாலு குட்டி காத்து வாய் இருக்கான்னு பாருங்க, முன் கண்ணாடிக்கு கீழ ஓரத்துல எஃப்ல இருந்த சின்ன முக்கோண ஜன்னல் காணாமப் போயிருக்கான்னு பாருங்க, ரெண்டும் சேந்தா குஸ்டாவ். ஜி-4ல சக்கரம் பெருசாச்சு, இறக்கைக்குள்ள அடங்கல, அதனால இறக்கை மேல சின்னதா ஒரு மேடு வந்துச்சு, வால் சக்கரமும் பெருசாகி உள்ள போகாம வெளியவே நின்னுடுச்சு. ஜி-1, ஜி-3, ஜி-5னு ஒற்றைப்படை நம்பர் எல்லாம் காத்தழுத்த கேபின் வச்சது, தூரத்துப் படத்துல பிரிக்கிறது ரொம்பக் கஷ்டம்.

1943ல ஜி-6 வந்துச்சு. மூக்கு மேல இருந்த 7.92 மில்லிமீட்டர் துப்பாக்கிய எடுத்துட்டு 13 மில்லிமீட்டர் போட்டாங்க, அதோட பின்பக்கம் கவுலிங்குக்குள்ள, அதாவது இன்ஜின மூடுற தகட்டுக்குள்ள அடங்கல, அதுக்காக ரெண்டு பக்கமும் உருண்டையா புடைக்க வச்சாங்க. பொய்லேன்னு பேரு, அடிபட்டு வீங்குனா அவங்க மொழில அதான். 12,000க்கும் மேல ஜி-6 மட்டுமே செஞ்சிருக்காங்க, அதுவும் வேற வேற ஃபேக்டரில. முதல்ல குட்டை வால், தடிக்கம்பி மூடி, மேல ஆன்டெனா கம்பம். 1944 போகப் போக மரத்துல செஞ்ச உயரமான வால், கம்பி கம்மியான எர்லா மூடி, முதுகுல வட்டமான திசை காட்டும் ஆன்டெனா, எல்லாம் ஒண்ணொண்ணா, ஒவ்வொரு ஃபேக்டரில ஒவ்வொரு நேரத்துல வந்துச்சு. (அந்த மூடிய கலண்ட் ஹூட்னு சொல்றத விட்டுடுங்க, ஜெர்மன் சண்டை பைலட் கலண்டோட பேரு பைலட் தலைக்குப் பின்னாடி இருந்த கண்ணாடி கவசத்துக்கு வந்தது, மூடிக்கு இல்ல.)

அப்படி எல்லா மாத்தமும் ஏறி முடிஞ்ச ஜி-6ல மெத்தனால் தண்ணி கலவைய இன்ஜினுக்குள்ள பீச்சுற எம்டபிள்யூ 50 ஏற்பாட்டையும் நிரந்தரமா வச்சு 1944 நடுவுல ஜி-14னு பேரு குடுத்தாங்க. வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். உங்க படத்துக்கு ரெண்டு பேர் ரெண்டு பதில் சொன்னதுக்கு இதான் காரணம். ஒண்ணு மட்டும் சொல்ல முடியும், பொய்லே தனியா புடைச்சுத் தெரியுதுன்னா அது ஜி-10ஓ கே-4ஓ இல்ல, ஏன்னா பெரிய சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்கு காத்த அழுத்தி ஊட்டுறது) வச்ச ஏஎஸ் மாடல்கள், ஜி-10, கே-4 எல்லாத்துலயும் கவுலிங்கையே அகலமாக்கி அந்தப் புடைப்ப உள்ள முழுங்கிட்டாங்க. கே-4ல வால் சக்கரம் நீளமா, உள்ள மடங்குற மாதிரி இருக்கும், இடது பக்கம் ரேடியோ கதவு கொஞ்சம் முன்னாடி மேல ஏறியிருக்கும், ஜி-10லருந்து அத பிரிக்க நான் முதல்ல பாக்குறது அந்தக் கதவத்தான்.

போருக்கு அப்பறம் வந்த ஆளுங்களையும் கவனிங்க. ஸ்பெயின்ல ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இன்ஜின் போட்டு செஞ்ச புச்சோன், 1968ல ஒரு யுத்தப் படத்துக்காக ஜெர்மன் பெயின்ட் அடிச்சு பறந்துச்சு, அந்த ஷூட்டிங் படங்கள் 1940ல எடுத்ததுன்னு இன்னைக்கும் ஷேர் ஆகுது. ஜெர்மன் இன்ஜின்ல சிலிண்டர் தலைகீழ் வி மாதிரி இருக்கும், புகைக்குழாய் மூக்குல கீழ இருக்கும். மெர்லின் நேர் வி, குழாய் மேல இருக்கும், பிளேடும் நாலு. ஒரு நொடில தெரிஞ்சிடும்.

கண்ணு பழகணும்னா அடையாளம் உறுதியான ஒரு விமானத்த எடுத்துக்குங்க. நான் சொல்றது கறுப்பு 6னு கூப்பிடுற விமானம், ஜி-2 டிராப்பிக்கல், வெர்க் நம்பர் (ஃபேக்டரி குடுக்குற வரிசை எண்) 10639. 1942 நவம்பர்ல லிபியால ஆஸ்திரேலியாவோட 3வது ஸ்குவாட்ரன் கையில சிக்குனது, பிரிட்டன்ல சரி பண்ணி 1991ல மறுபடி பறக்க விட்டாங்க, 1997ல டக்ஸ்ஃபோர்டுல விபத்தாகி இப்ப மியூசியத்துல நிக்குது. பிடிபட்டப்ப எடுத்த படமும் இருக்கு, பக்கத்துல நின்னு எடுத்த கலர் படமும் இருக்கு, ரெண்டையும் பக்கத்துல வச்சு பாத்தா மங்கலான படத்துல ஒரு சாம்பல் புள்ளி எதுன்னு புரிய ஆரம்பிக்கும்.

இப்ப உங்க படத்துக்கு வரேன். இதத் தீக்கக்கூடிய ஒண்ணு வெர்க் நம்பர், வால்ல செங்குத்துப் பகுதில சின்னதா கருப்புல எழுதியிருப்பாங்க. அது படிக்க முடிஞ்சா எந்த ஃபேக்டரி எந்த வரிசைன்னு தெரியும், ஜெர்மன் விமானப்படை நஷ்டக் கணக்குலயும் தேடலாம், அதுல மாடல், வெர்க் நம்பர், எத்தன சதவீதம் சேதம்னு எல்லாம் எழுதி வச்சிருக்காங்க, 60 சதவீதம் தாண்டுனா விமானம் போச்சுன்னு அர்த்தம். நம்பர் கிடைக்கலன்னா படத்துக்கு கீழ "கடைசி கட்ட ஜி-6 இல்லன்னா ஜி-14"னே எழுதுங்க, அதுதான் சரியான பதில்.

அந்த வால் பகுதிய மட்டும் 1200 டிபிஐல ஸ்கேன் பண்ணி போடுங்க, ஷார்ப்பன் எதுவும் பண்ணாம. போட்டோ பின்னாடி பென்சில்ல ஏதாவது எழுதியிருந்தா அந்தப் பக்கத்தையும் சேத்துப் போடுங்க.