தண்ணீர் வண்ணத்தில் மர அச்சு: புள்ளி விழுவதும் ஓரம் கசிவதும் ஏன்?

கேள்வி: கல்லூரியில் லினோ கட் (லினோலியம் தகட்டைச் செதுக்கி அச்செடுப்பது) படித்தேன், எண்ணெய் மையில்தான் பழக்கம். இப்போது வீட்டில் சிறு குழந்தை இருப்பதால் டர்பன்டைன் வேண்டாம் என்று, ஜப்பானியர்களின் மொகுஹாங்கா முறையில் தண்ணீர் வண்ணத்துக்கு மாறியிருக்கிறேன். தேக்குப் பலகை, போஸ்டர் கலர், ரோலர், கார்ட்ரிட்ஜ் தாள் பயன்படுத்துகிறேன். அச்சில் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். தண்ணீர் கூட்டினால் ஓரம் கசிகிறது. சில நேரம் தாள் பலகையோடு ஒட்டிக் கிழிகிறது. எங்கே தப்பு? (சேலம் வாசகி)

பதில்: மூன்று குறைக்கும் காரணம் ஒன்றுதான். தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. எண்ணெய் மையில் தாளும் காய்ந்திருக்கும், பலகையும் காய்ந்திருக்கும். மை தாளின் மேல் படிந்து நிற்கும். மொகுஹாங்காவில் வண்ணம் தாளுக்கு உள்ளே இறங்க வேண்டும். ஆகவே ஈரம் முதலில் தாளில் வேண்டும், அடுத்து மரத்தில். வண்ணத்தில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. உங்களிடம் இது தலைகீழாக நடக்கிறது: தாள் காய்ந்திருக்கிறது, பலகை காய்ந்திருக்கிறது, வண்ணம் மட்டும் நீர்த்துப் போகிறது.

தாளிலிருந்தே தொடங்குவோம், பாதிப் பிரச்சினை அங்கேதான். கார்ட்ரிட்ஜ் தாளின் நார் குட்டையானது. நனைத்துத் தேய்த்தால் பஞ்சாக எழும்பும், அப்புறம் பலகையில் ஒட்டிக்கொண்டு வரும். ஜப்பானில் கோஸோ என்ற செடியின் பட்டையிலிருந்து எடுக்கும் நீண்ட நாரால் செய்த வாஷி தாள்தான் வழக்கம். மெல்லியதாக இருந்தாலும் ஈரத்தில் பல முறை தேய்ப்பதைத் தாங்கும். வாங்கும்போது பசை ஏற்றிய தாளா என்று கேளுங்கள். விலங்குப் பசையும் படிகாரமும் கலந்து பூசுவார்கள். அது இல்லாத தாளில் கோடு எல்லாப் பக்கமும் ஊறிப் பரவும். நேபாளத்தின் லோக்தா தாளும் நீண்ட நார்தான், ஆனால் ஒரு துண்டில் சோதித்துவிட்டு வாங்குங்கள். வாஷி கிடைக்கும்வரை பழகுவதற்கு, மேற்பரப்பு வழவழப்பான வாட்டர்கலர் தாள் போதும்.

தாளை நேராகத் தண்ணீரில் முக்காதீர்கள். அச்சிடாத வெள்ளை நியூஸ்பிரிண்ட் தாளில் அகலப் பிரஷ்ஷால் தண்ணீர் தடவி, அதன் மேல் 2 அச்சுத் தாள், மறுபடி ஒரு ஈர நியூஸ்பிரிண்ட் என்று அடுக்குங்கள். மொத்த அடுக்கையும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, மேலே ஒரு பலகை வைத்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் ஒரு தாளை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருக்க வேண்டும், கன்னம் நனையக் கூடாது. வெளிச்சத்தில் சாய்த்தால் எங்கும் மினுமினுப்புத் தெரியக் கூடாது. மினுமினுத்தால் ஈரம் அதிகம். காய்ந்த தாள்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் வைத்து இறக்குங்கள்.

அடுத்தது ரோலர். அதை எடுத்து வைத்துவிடுங்கள். நீர்த்த வண்ணம் ரோலரில் திட்டுத் திட்டாக உருண்டு நிற்கும், மரத்தில் சீராகப் படியாது. இங்கே பிரஷ்ஷால் தேய்த்துத்தான் வண்ணம் ஏற்ற வேண்டும். ஜப்பானியப் பிரஷ் விலை அதிகம். நல்ல குதிரை முடி ஷூ பிரஷ் தாராளமாகப் போதும், நைலான் மட்டும் வேண்டாம். வாங்கியவுடன் முடி முனை விறைப்பாக இருக்கும், அப்படியே தேய்த்தால் அச்சில் கீற்று விழும். ஜப்பானில் சுறாத் தோலில் தேய்த்து முனையைப் பிளப்பார்கள். நாம் நுண்ணிய உப்புத்தாளை நனைத்து, அதன் மேல் முன்னும் பின்னும் தேய்த்தால் முனை மென்மையாகும். பொறுமையாகச் செய்யுங்கள், அச்சின் தரத்தில் பாதி இந்தப் பிரஷ்ஷில் இருக்கிறது.

இனி உங்கள் ரவைப் புள்ளி. தாள் காய்ந்திருந்தாலோ, அழுத்தம் போதாமல் இருந்தாலோ, வண்ணத்தில் கஞ்சிப் பசை இல்லாவிட்டாலோ புள்ளி விழும். ஜப்பானிய அச்சாளர்கள் சில இடங்களில் பசையைத் தவிர்த்து, வேண்டுமென்றே இதை வரவழைப்பார்கள். கோமா ஸுரி என்று பெயர். உங்களுக்குச் சமமான தளம் வேண்டும், அதனால் பசை அவசியம். 1 பங்கு சலித்த பச்சரிசி மாவு, 5 பங்கு தண்ணீர். கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் விடாமல் கிண்டி, வெள்ளை மாறிப் பளபளக்கும்போது இறக்கித் துணியில் வடிகட்டுங்கள். ஃபெவிகால் சேர்த்துவிடாதீர்கள். அது பலகையிலும் பிரஷ்ஷிலும் காய்ந்து இறுகினால் திரும்பக் கரையாது.

இப்போது ஓர் அச்சை முதலிலிருந்து எடுப்போம். பலகையை ஈரத் துணியால் நன்றாகத் துடைத்துச் சில நிமிடம் ஊற விடுங்கள். புதுப் பலகை தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், ஆகவே முதல் நாலைந்து அச்சு வெளிறித்தான் வரும். அவற்றைச் சோதனைத் தாளில் எடுத்துவிடுங்கள். பிறகு உள்ளங்கை அகல இடத்துக்கு வண்ணம் சில சொட்டு, சற்றுத் தள்ளி மிளகு அளவு பசை. பிரஷ்ஷை வட்டமாகச் சுற்றி இரண்டையும் பலகையிலேயே கலந்து, கடைசியில் எடையே கொடுக்காமல் ஒரே திசையில் நீளமாக இழுத்து முடியுங்கள். குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். பிரஷ் கோடுகள் மறைந்து, மங்கிய ஒரு பளபளப்பு மட்டும் இருந்தால் பதம் சரி. செதுக்கிய பள்ளத்தின் ஓரத்தில் வண்ணம் தேங்கி நின்றால் உங்கள் ஓரக் கசிவு அங்கிருந்துதான் வரப்போகிறது. துணி முனையால் ஒற்றி எடுங்கள். பிரஷ் கோடு அச்சிலும் தெரிந்தாலோ, தாள் இழுத்துக்கொண்டு வந்தாலோ பசை அதிகம்.

தாளை வைத்தபின் அதன் முதுகில் ஒரு பட்டர் பேப்பர், அதற்கு மேல் பாரென். மூங்கில் மட்டையைக் கயிறாக முறுக்கிச் சுருட்டி, மூங்கில் மட்டையாலேயே மூடிய வட்டத் தேய்ப்பான் அது. அடிப்பக்கத்தில் துளி எண்ணெய் தடவினால் வழுக்கிக்கொண்டு ஓடும். அகலமான தளத்துக்கு எழுந்து நின்று உடம்பின் எடையைத் தோள் வழியாகக் கொடுங்கள், மெல்லிய கோட்டுக்கு விரல் எடையே போதும். கரண்டியால் தேய்க்காதீர்கள். ஈரத் தாளைப் பள்ளத்துக்குள் அழுத்தி வேண்டாத கறையை வாங்கிவிடும்.

தேக்கு இந்த வேலைக்கு ஒத்துவராது. அதில் எண்ணெய்ப் பசை உண்டு, துளைகளும் பெரிது. தண்ணீர் வண்ணம் சீராகப் பிடிக்காது. எடோ காலத்து (1603 முதல் 1868 வரை) ஜப்பானியர் மலைச் செர்ரி மரத்தைத் தேர்ந்தெடுத்தது அதன் நெருக்கமான இழைக்காக. இன்று தொடக்க நிலையில் பலரும் ஷினா என்ற ஜப்பானிய லிண்டன் மரத்தின் பிளைவுட் வாங்குகிறார்கள். நம் பக்கம் சின்னப் பலகைக்குச் சென்னபட்டணம் பொம்மை செய்யும் வெப்பாலை மரத்தைத் தச்சரிடம் கேட்டுப் பாருங்கள், இழை நுணுக்கமானது. துணி அச்சுக் கட்டைக்காரர்கள் தேக்கில் செதுக்குகிறார்களே என்று தோன்றலாம். அவர்கள் கெட்டியான சாயக் கலவையைத் தொட்டுத் துணிமேல் கட்டையை அழுத்துகிறார்கள், அது வேறு கணக்கு.

போஸ்டர் கலரில் சுண்ணப்பொடி கலப்பு அதிகம், காய்ந்ததும் வெளுத்துப் போகும். டியூப் வாட்டர்கலருக்கு மாறுங்கள். பளிச்சென்று நிறம் ஏறும். கறுப்புக்கு ஜப்பானியச் சுமி மை.

பல வண்ணம் எடுக்கும்போது இன்னொரு சிக்கல் வரும். ஈரத் தாள் காயக் காயச் சுருங்கும், இரண்டாம் வண்ணம் இடம் தவறும். பலகையிலேயே கெந்தோ, அதாவது தாளை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வைக்க உதவும் அடையாளப் படி, வெட்டிக்கொள்ளுங்கள்: வலது கீழ் மூலையில் ஒரு ‘ட’ வடிவப் படி, அதே ஓரத்தில் இடப்பக்கமாகத் தள்ளி ஒரு நேர்ப்படி, இரண்டும் 1 மில்லிமீட்டர் ஆழத்துக்குள். தாள் இந்த இரண்டிலும் முட்டி நிற்க வேண்டும். சேலத்து மே வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு அதிகாலையில் வேலை பாருங்கள். ஒரு தாளை எடுத்தால் அச்சிட்டதும் உடனே பிளாஸ்டிக் உறைக்குள் திரும்பப் போக வேண்டும். எல்லா வண்ணமும் ஒரே நாளில் முடியாவிட்டால் அடுக்கை ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே 2 நாளில்கூடப் பூஞ்சை பிடித்துவிடும்.

சமதளம் கைவந்ததும் பொகாஷி, அதாவது நிறம் படிப்படியாக மங்கும் அச்சு, செய்து பாருங்கள். பலகையின் ஒரு பாதியைத் துணியால் கூடுதலாக நனைத்து, பிரஷ்ஷின் ஒரு மூலையில் மட்டும் வண்ணம் எடுத்து, இடவலமாக ஓட்ட வேண்டும். 19ஆம் நூற்றாண்டு ஜப்பானிய அச்சு ஓவியர் ஹிரோஷிகேயின் நிலக்காட்சிகளில் வானத்தின் உச்சியில் கருநீலம் அடர்ந்து, இறங்க இறங்க மங்குவது இப்படித்தான். அந்த நீலம் பெரும்பாலும் 1830 வாக்கில் ஜப்பானில் பரவிய பிரஷ்யன் புளூ. பின்னால், 20ஆம் நூற்றாண்டில் வந்த அச்சு ஓவியர் யோஷிதா ஹிரோஷி பாய்மரப் படகுக் காட்சியை ஒரே பலகைகளில் வண்ணத்தை மட்டும் மாற்றிக் காலை, மாலை, இரவு என்று எடுத்தார். எண்ணெய் மையில் இந்த மென்மை சுலபத்தில் கிடைக்காது. இதற்காகவே இவ்வளவு பாடும் தகும் என்பேன்.

முடிந்த அச்சுகளைக் கொடியில் தொங்கவிடாதீர்கள், தாள் நெளிந்துபோகும். அச்சிடாத ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்துப் பலகைப் பாரம் ஏற்றி, தினமும் ஒற்றுத்தாளை மாற்றுங்கள். பலகையைச் சோப்புப் போடாமல் ஈரத் துணியால் துடைத்து, நிழலில் நிறுத்தி வைத்துக் காய விடுங்கள். வெயில் பட்டால் வளைந்துவிடும்.