ஓடாத கோட் யாரை என்ன செய்யும்?

கேள்வி: வருடக்கணக்கில் யாரும் தொடாத பழைய கோட் எங்கள் மென்பொருளில் ஏராளம். நீக்கலாமா என்றால், ‘சும்மா கிடப்பதை ஏன் கிளறுகிறீர்கள்?’ என்கிறார் மேலாளர். இதுவும் டெக்னிக்கல் டெப்ட் (கோடை அரைகுறையாக விட்டுவைப்பதால் சேரும் ‘கடன்’) கணக்கில் வருமா?
(வாசகி, கோவை)

பதில்: கட்டாயம் வரும். 1992-இல் அமெரிக்க மென்பொருளாளர் வார்ட் கன்னிங்ஹாம் இந்தக் கடன் உவமையைச் சொன்னபோது, அரைகுறைக் கோடோடு மல்லுக்கட்டும் ஒவ்வொரு நிமிடத்தையும் வட்டி என்றார். பயன்படாத கோடையும் வருகிறவர் போகிறவர் எல்லாம் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே, அதுவும் வட்டிதான்.

மேலாளரிடம் நைட் கேப்பிட்டல் கதையைச் சொல்லுங்கள். அந்த அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் ஆர்டர் அனுப்பும் ‘பவர் பெக்’ என்ற வசதியை 2003-இல் நிறுத்தியது; கோடை நீக்கவில்லை. ஆர்டரில் கேட்ட அளவு பங்குகள் முடிந்தனவா என்று கணக்கிட்டு, ‘போதும்’ என்று சொல்லும் பகுதியை 2005-இல் இடம் மாற்றினார்கள். பவர் பெக் அதன்பின் சரியாக நிற்குமா என்று யாரும் சோதிக்கவில்லை. 2012-இல் புதிய வசதி ஒன்றுக்குப் பவர் பெக்கின் பழைய ஃப்ளாகையே (ஆர்டரோடு வந்து, எந்த வசதி ஓடவேண்டும் என்று சொல்லும் அடையாளம்) எடுத்துக்கொண்டார்கள். 8 சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய கோட் ஏறவில்லை. ஆகஸ்ட் 1 காலை அந்த சர்வரில் பவர் பெக் விழித்துக்கொண்டு, நிறுத்தாமல் ஆர்டர் அனுப்பியது. பதற்றத்தில் மற்ற 7 சர்வர்களிலும் புதிய கோடை எடுத்துவிட்டார்கள். ஃப்ளாகோ வந்துகொண்டே இருந்ததால் அங்கேயும் பழைய கோட் ஓடியது. 212 ஆர்டர்களுக்காக 45 நிமிடத்தில் 40 லட்சம் பரிவர்த்தனைகள், 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

நீக்குவதிலும் நிதானம் வேண்டும். சந்தேகமான ஃபங்ஷனின் (கோடில் ஒரு வேலையைச் செய்யும் தனிப் பகுதி) முதல் வரியில் ஒரு லாக் (அது ஓடினால் பதிவாகும் குறிப்பு) போடுங்கள். மார்ச் 31 கணக்கு முடிப்பு போல வருடத்துக்கு ஒருமுறை ஓடும் வேலைகள் கடக்கும்வரை காத்திருங்கள். நீக்கத்தைத் தனி கமிட்டாக (ஒன்றாகப் பதிவாகும் மாற்றத் தொகுப்பு) வையுங்கள். வேறு மாற்றம் எதையும் அதில் கலந்தால், திரும்பப் பெறும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். ஃப்ளாகுக்கு எப்போதும் புதுப்பெயர். டிப்ளாய் (புதிய கோடை சர்வர்களில் ஏற்றுவது) முடிந்ததும் எல்லா சர்வரிலும் ஒரே வெர்ஷன்தானா என்று ஸ்கிரிப்ட் சரிபார்க்கட்டும், மனிதக் கண்ணை நம்பவேண்டாம். பின்வாங்க நேர்ந்தால் முதலில் ஃப்ளாகை அணையுங்கள், பிறகு கோடை மாற்றுங்கள்.

கேள்வி: எங்கள் கோடில் எல்லா ஃபைலும் குப்பை. எதில் கை வைப்பது?
(வாசகர், மதுரை)

பதில்: கிட் (கோடில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) வரலாற்றில் கடந்த 6 மாதத்தில் அதிகம் மாறிய 10 ஃபைல்களை எடுங்கள். அவற்றில் பிழைகளும் அதிகம் வரும் ஃபைல்தான் முதலில். இப்போது நடப்பதை அப்படியே பதிவு செய்யும் டெஸ்ட்களை எழுதிய பிறகே திருத்துங்கள். அசிங்கமாக இருந்தாலும், தினமும் ஒழுங்காக ஓடி, யாரும் மாற்றத் தேவைப்படாத ஃபைலுக்கு வட்டி மிகக் குறைவு. அதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.