16 அடி பாய்ப்படகுக்குச் சுற்றுக்கம்பி தேவையா?

கேள்வி: சென்னையிலிருந்து பழைய பைபர் பாய்ப்படகு ஒன்று வாங்கி வந்திருக்கிறேன். 16 அடி, இரண்டு பாய், அடியில் ஏற்றி இறக்கும் பலகை. ஏரி நிரம்பும் காலத்தில் காவேரிப்பாக்கத்திலும், லீவு நாட்களில் பழவேற்காட்டிலும் ஓட்ட ஆசை. மனைவிக்கும் 9 வயது மகளுக்கும் நீச்சல் தெரியாது. நான் கிணற்றில் பழகியவன். படகின் ஓரம் முழுக்க எஸ்.எஸ். தூண் நட்டு இரண்டு வரிசை கம்பி இழுக்க வேண்டும், அது இல்லாவிட்டால் பர்மிஷன் கூடக் கிடைக்காது என்று படகை விற்றுக்கொடுத்த தரகர் சொல்கிறார். அவருக்குத் தெரிந்த பட்டறையில் 48,000 ரூபாய் ஆகுமாம். 10,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். மேற்கொண்டு செய்யலாமா?
- வாசகர், காட்பாடி

பதில்: வேண்டாம். மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அந்தக் கம்பி உங்கள் படகுக்குப் பாதுகாப்பு தராது, இருக்கிற பாதுகாப்பையும் குறைத்துவிடும்.

காற்று பாயைத் தள்ளும்போது படகு ஒரு பக்கம் சாயும். பெரிய பாய்க்கப்பல்களில் அடியில் ஈயமோ இரும்போ கனமாகத் தொங்கும், அது படகை நிமிர்த்தும். உங்கள் படகில் அந்த எடை கிடையாது. நீங்களும் உங்கள் மனைவியும்தான் அந்த எடை. காற்று வரும் பக்கத்து விளிம்பில் போய் உட்கார்ந்து, உடம்பை வெளியே சாய்த்துத்தான் படகை நேராக வைக்க வேண்டும். அந்த விளிம்பில் கம்பி கட்டினால் எங்கே சாய்வீர்கள்? லேசர், எண்டர்பிரைஸ் போன்ற சிறிய படகுகளில் சுற்றுக்கம்பி இல்லாததற்கு இதுதான் காரணம். செலவை மிச்சம் பிடிக்க யாரும் அதை விட்டுவிடவில்லை.

அடுத்தது உயரம். சின்னப் படகில் வைக்கக்கூடிய தூண் ஒன்றரை அடிதான் இருக்கும். அது உங்கள் முட்டிக்கு வரும். மனித உடம்பின் எடை மையம் தொப்புளை ஒட்டி இருக்கிறது. நிற்கிற ஆளை முட்டியில் தடுத்தால் அவர் நிற்க மாட்டார், தலைகுப்புற விழுவார். ஏரியில் காற்று ஒரே பக்கமிருந்து வராது, திடீரென்று திசை மாறும். அப்போது பாயின் அடிக்கட்டை, அதாவது பூம், ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு வீசி அடிக்கும். சின்னப் படகில் தலையில் அடிபடுவதும் தண்ணீரில் விழுவதும் இதனால் நடக்கும். இதற்குக் கம்பி மருந்தில்லை. குனிந்தே இருக்கப் பழகுங்கள், மகளுக்கும் அதையே முதல் பாடமாகச் சொல்லிக்கொடுங்கள்.

மூன்றாவதாக, அந்தத் தூணை எதில் நடப்போகிறார்கள்? உங்கள் படகின் மேல்தளம் மெல்லிய பைபர். ஒன்றரை அடித் தூணின் உச்சியில் ஒரு ஆள் சாய்ந்தால் அது கடப்பாரை மாதிரி வேலை செய்யும். அடித்தட்டு மூன்று அங்குல அகலம் என்று வைத்துக்கொண்டால், மேலே 100 கிலோ தள்ளு கீழே போல்ட்டில் ஏறக்குறைய 600 கிலோ இழுப்பாகிவிடும். தளத்துக்கு அடியில் அகலமான தட்டு வைத்து, போல்ட்டை முழுக்கத் துளைத்து முடுக்கினால் ஓரளவு தாங்கலாம். நம் ஊர்ப் பட்டறையில் அதைச் செய்வதில்லை. நாலு ஸ்க்ரூவை மேலிருந்து ஏற்றி, மேலே சிலிகான் பூசி அனுப்பிவிடுவார்கள். தூண் தளத்தோடு பிய்ந்து வரும், அந்த ஓட்டை வழியே தண்ணீரும் உள்ளே போகும்.

உலோகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இதில் ஏமாறாதவர்கள் குறைவு. "காந்தம் ஒட்டவில்லை பாருங்கள், இது மரைன் கிரேடு" என்று காட்டுவார்கள். நம் வீட்டு மாடிப்படிக் கைப்பிடிக்குப் போடும் மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. 304-லும் ஒட்டாது. உப்புத் தண்ணீருக்கு வேண்டியது 316, அதிலும் ஒட்டாது. அப்புறம் காந்தத்தை வைத்து எதைக் கண்டுபிடிப்பது? மாலிப்டினம் என்ற உலோகம் கலந்திருக்கிறதா என்று காட்டும் சொட்டுத் திரவம் இருக்கிறது. 316-ல் அது இருக்கும், மற்ற இரண்டிலும் வேண்டுமென்று சேர்ப்பதில்லை. அந்தச் சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். ராணிப்பேட்டைப் பக்கம் பெல் ஆலை வேலை பார்த்துப் பழகிய வெல்டர்கள் அருமையானவர்கள், குறை அவர்கள் கையில் இல்லை. எந்தக் கம்பியை அவர்கள் கையில் கொடுக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. வெள்ளை பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியைத் தலையில் கட்டினால் கட்டாயம் வாங்காதீர்கள். வெயிலில் உறை வெடித்து, உள்ளே தண்ணீர் தங்கி, கம்பி அரிப்பது வெளியே தெரியாது. பார்க்கப் புதுசாக இருக்கும், சாயும் அன்றைக்கு அறுந்துவிடும்.

கம்பி எங்கே தேவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கே 25 அடிப் படகு வாங்கிவிட்டு, "நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள்" என்று யாரும் கேட்கக் கூடாது. அடியில் கனமான கீல், அதாவது படகை நிமிர்த்தும் அந்த எடை உள்ள, கேபின் வைத்த படகு, கடலில் போகிறது, ஓடும்போதே ஒருவர் உட்காரும் பள்ளத்தை விட்டு எழுந்து முன்பக்க அணியம் வரை நடந்து பாயை மாற்ற வேண்டும், அதுவும் இரவிலோ அலையிலோ என்றால் கம்பி வேண்டும். சந்தேகமே இல்லை. கடல் பந்தயங்களுக்கு உலகப் பாய்ப்படகு அமைப்பு வகுத்த விதியில் அளவுகள் தெளிவாக உள்ளன. 8.5 மீட்டருக்குக் குறைந்த படகில் கம்பி 45 சென்டிமீட்டர் உயரம். அதற்கு மேற்பட்ட படகில் மேல்கம்பி 60 சென்டிமீட்டர், நடுவில் இன்னொரு கம்பி. தூணுக்குத் தூண் இடைவெளி 2.2 மீட்டரைத் தாண்டக் கூடாது. சிறிய படகுக்கே கம்பி 3 மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும். நடுவில் இழுத்தால் மேல்கம்பி அதிகம் வளையாத அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். இத்தனை செய்தும், அந்தப் படகில் இருப்பவர் அதை மட்டும் நம்புவதில்லை. தளத்தின் மேல் நீளவாக்கில் கட்டிய பட்டையில் தன் இடுப்புக் கயிற்றை மாட்டிக்கொண்டுதான் முன்னால் போகிறார். உங்கள் படகில் அந்தக் கயிற்றையும் மாட்டாதீர்கள். உங்களுடையது கவிழக்கூடிய படகு. கவிழ்ந்த படகோடு கட்டுண்டு கிடப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

முன்பாயை இறக்க நீங்களும் அணியத்துக்குப் போகத்தானே வேண்டும் என்று நினைக்கலாம். பாயின் உச்சியில் ஒரு மெல்லிய கயிறு கட்டி, அடியில் ஒரு கப்பி வழியாகப் பின்னால் கொண்டுவந்துவிடுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே இழுத்து இறக்கலாம். சில நூறு ரூபாய் வேலை.

2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். விளிம்பில் கம்பி இருந்திருந்தாலும் அவர்கள் பிழைத்திருக்க மாட்டார்கள், லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தால் பிழைத்திருக்கலாம். உங்கள் பணம் போக வேண்டிய இடம் அதுதான். மனைவிக்கும் மகளுக்கும் 100 நியூட்டன் (மிதக்க வைக்கும் விசையின் அளவு) என்று லேபிளில் அச்சிட்ட, கழுத்துக்குப் பின்னால் காலர் உள்ள ஜாக்கெட் வாங்குங்கள். 50 என்று போட்டிருப்பது நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கு. மகளுடையதில் தொடைக்கு நடுவே போகும் பட்டை கட்டாயம் இருக்க வேண்டும். அவளுக்கு மாட்டிவிட்டு தோள் பக்கம் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அது அளவில்லை, கடைக்காரர் என்ன சொன்னாலும் திருப்பிக் கொடுங்கள். "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெருசா வாங்கு" என்பது சட்டைக்குச் சரி, இதற்கு ஆகாது. நீங்களும் போடுங்கள். கிணற்றில் நாலு கை போட்டால் சுவர் வந்துவிடும், ஏரியில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

பர்மிஷன் விஷயம். ஏரித் தண்ணீர் நீர்வளத்துறை கையில், மீன் குத்தகை வேறு ஆள் கையில், படகைப் பற்றிக் கேட்டால் மூன்றாவது இடத்தைக் காட்டுவார்கள். 1917 சட்டத்தை எடுத்துவிட்டு 2021-ல் உள்நாட்டுக் கலன்கள் சட்டம் கொண்டுவந்தார்கள், மோட்டார் இல்லாத கலன்களுக்கும் அதில் தனி அத்தியாயமே இருக்கிறது. ஆனால் சொந்தமாக ஒரு பாய்ப்படகு வைத்திருக்கும் ஆள் நேரே போய் நிற்க ஒரு ஜன்னல் கிடையாது. இந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். கம்பி கட்டினால்தான் அனுமதி என்கிறாரா? எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். நீங்களே மனு எழுதி, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அலைச்சல்தான், ஆனால் அந்தக் காகிதம் உங்களுடையது.

கொடுத்த 10,000 ரூபாய் திரும்பி வராது என்றுதான் நினைக்கிறேன். சண்டை போடாமல், அதே பட்டறையில் அதே பணத்துக்கு மடக்கு ஏணி ஒன்று செய்து கேளுங்கள். படகின் பின்பலகையில் பொருத்த வேண்டும், கடைசிப் படி தண்ணீருக்குக் கீழே இரண்டடியாவது இறங்க வேண்டும், தண்ணீரில் இருக்கும் ஆளே கையை நீட்டி இழுத்து விரிக்க முடிய வேண்டும். போல்ட்டுக்கு உள்பக்கம் அகலத் தட்டு வைக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பொருத்தியதும் முட்டியளவுத் தண்ணீரில் வேண்டாம், மார்பளவுத் தண்ணீரில் படகை நிறுத்தி, ஜாக்கெட்டோடு மனைவியை ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் யார் உதவியும் இல்லாமல் ஏறிவிட்ட பிறகு பாயை ஏற்றுங்கள்.