ஒத்த சீட்டு காருல எத்தன பேரு

கேள்வி: போன இதழ்ல மசராட்டி 250எஃப் ரேஸ் காரு பத்தி ஒரே ஒரு வரி எழுதிட்டு விட்டுட்டீங்க. 1957ல ஜெர்மனியில ரேஸ் டிரைவர் ஃபாஞ்சியோ ஒத்த ஆளா ரெண்டு ஃபெராரிய முந்தி ஜெயிச்சாரே, அதுல ஒசத்தி காரா, ஓட்டுனவரா?
- ஒரு வாசகர், தென்காசி

பதில்: காரா ஓட்டுனவராங்கறத அப்புறம் பேசலாம், "ஒத்த ஆளா"ன்னு போட்டீங்க பாருங்க, அத என்னால தாண்டிப் போக முடியல. நம்ம ஊர்ல தாலி கட்டுற மாப்பிள்ளையே ஒத்த ஆளா கட்டுறதில்லங்க, மூணாவது முடிச்சு போட நாத்தனார் வேணும், மைக்ல பேரு சொல்லி மேடைக்கு கூப்புடுவாங்க, அந்தப் பொண்ணு கூட்டத்த வெலக்கிட்டு வந்து சேர்ற வரைக்கும் மாப்பிள்ளை நூலப் புடிச்சிட்டு குனிஞ்சே நிக்கணும், மேளக்காரரும் கெட்டிமேளத்த நிறுத்த முடியாது. தேரோட்டத்துல வடம் புடிக்கறவங்க ஆயிரம் பேரு இருக்கலாம், ஆனா தேர திருப்பறதும் நிறுத்தறதும் சக்கரத்துக்கு கீழ குனிஞ்சு முட்டுக்கட்டை போடுற நாலு பேருதான். அவங்க பேரு எந்தப் பேப்பர்லயாவது வந்து நான் பாத்ததில்ல.

இது என்னோட பழைய சண்டை. பல வருஷம் முன்னாடி வேற ஒரு பத்திரிகைக்கு இதே காரப் பத்தி ஒரு கட்டுரை எழுதிக் குடுத்தேன், அச்சுல பாத்தா மெக்கானிக், தகரம் தட்டுனவரு, இன்ஜின் வரைஞ்சவரு பேரெல்லாம் இருந்த பத்தி மொத்தமா காணோம். கேட்டா "இந்தப் பேரெல்லாம் யாரு படிக்கப் போறா"ன்னு பதில். அன்னிக்கு வந்த கோவம் இன்னும் அப்படியே இருக்கு, அதனால இங்க எல்லார் பேரையும் எழுதுவேன்.

250எஃப்னா 2.5 லிட்டர், எஃப்ங்கறது ஃபார்முலா, அதாவது ஃபார்முலா ஒன் ரேஸ். ஆறு சிலிண்டர் வரிசையா நிக்கற இன்ஜின், இத்தாலியில மொடேனா ஊர்ல செஞ்சது, மொத்தமே 26 காருதான். அந்த நீளமான அலுமினிய ஒடம்ப கையால தட்டித் தட்டி வளைச்சவரு மெடார்டோ ஃபான்டுஸி. கார வடிவமைச்சதுல பெரிய பங்கு ஜோவாக்கினோ கொலம்போவுக்கு, அவரு முன்னாடி ஃபெராரிக்கு வி12ங்கற பன்னெண்டு சிலிண்டர் இன்ஜின் வரைஞ்சு குடுத்த அதே மனுஷன். ரெண்டு கம்பெனிக்கும் நடுவுல தூரம் 20 கிலோமீட்டர் கூட இருக்காது. ஜூலியோ அல்ஃபியெரி வருஷா வருஷம் அந்தக் கார மெருகேத்துனாரு. குவெரினோ பெர்த்தோக்கின்னு ஒரு தலைமை மெக்கானிக், பட்டறைய விட்டு வெளிய போற கார தானே ஓட்டிப் பாத்துதான் அனுப்புவாரு. பெடல் வரிசையே வேற, ஆக்சிலரேட்டர் நடுவுல, பிரேக் வலது பக்கம், பழக்கமில்லாதவன் பயத்துல மிதிச்சா வண்டி நிக்காது, பாயும்.

1956ல இத்தாலியில நடந்த மோன்சா ரேஸ எடுத்துக்குங்க. ஸ்டிர்லிங் மாஸ் 250எஃப்ல முன்னாடி போயிட்டு இருக்காரு, முடிய அஞ்சாறு ரவுண்டு இருக்கறப்ப பெட்ரோல் தீந்துபோச்சு. பின்னாடி லூயிஜி பியோட்டின்னு ஒருத்தர், சொந்தமா ஒரு 250எஃப் வாங்கி ஓட்டிட்டு இருந்தவரு, தன் கார் மூக்க மாஸ் காரோட வால்ல வச்சு, பெட்ரோல் ஊத்தி டயர் மாத்துற பிட் வரைக்கும் தள்ளிட்டு வந்து விட்டாரு. மாஸ் பெட்ரோல் ஊத்திட்டு போயி ஜெயிச்சாரு. அதே ரேஸ்ல ஃபெராரியில இருந்த ஃபாஞ்சியோ கார் கெட்டுப்போச்சு, பீட்டர் காலின்ஸ்னு 24 வயசுப் பையன், அவனுக்கே சாம்பியன் ஆக வாய்ப்பு இருந்துச்சு, எறங்கி தன் கார அவருக்கு குடுத்துட்டான். ஃபாஞ்சியோ அதுல ரெண்டாவதா வந்து அந்த வருஷ பட்டத்த எடுத்தாரு. படிக்கறப்பல்லாம் எனக்கு தொண்டைய அடைக்கும்.

இப்ப உங்க 1957, ஆகஸ்ட் 4, ஜெர்மனியில நூர்புர்க்ரிங் ரேஸ் பாதை. ஒரு ரவுண்டே 22.8 கிலோமீட்டர், அப்படி 22 ரவுண்டு. ஃபாஞ்சியோ மறுபடி மசராட்டிக்கு வந்துட்டாரு, வயசு 46. ஃபெராரிக்காரங்க நிக்காம ஓட முழு டேங்க் ரொப்பி கெட்டி டயர் போட்டாங்க, மசராட்டி பாதி டேங்கும் மெது டயருமா கெளம்பி நடுவுல ஒரு தடவ நிக்கறதா முடிவு. 12 ரவுண்டுல அர நிமிஷம் கிட்ட முன்னாடி இருக்கறப்ப பிட்ல வந்து நிக்கறாரு. அந்தக் காரு சக்கரத்துல நடுவுல ஒரே ஒரு பெரிய காது வச்ச நட்டுதான், சுத்தியலால தட்டி கழட்டி தட்டி மாட்டணும். பின் சக்கரத்து நட்டு ஒண்ணு கை நழுவி காருக்கு அடியில உருண்டு போச்சு. தேடி எடுத்து மாட்டறதுக்குள்ள சேத்து வச்ச நேரம் அத்தனையும் போயி, வெளிய வரும்போது ஃபெராரி ஓட்டுன ஹாத்தார்னும் காலின்ஸும் முக்கா நிமிஷத்துக்கு மேல முன்னாடி. அப்புறம் ரவுண்டுக்கு ரவுண்டு ரெக்கார்ட ஒடச்சு 9 நிமிஷம் 17.4 செகண்டு வரைக்கும் கொண்டு வந்தாரு, ரேஸுக்கு முன்னாடி தகுதிச் சுத்துல தானே போட்ட நேரத்த விட 8 செகண்டு கம்மி. 21வது ரவுண்டுல ரெண்டு பேரையும் தாண்டி, 3.6 செகண்டுல ஜெயிச்சாரு. அதுதான் அவரோட அஞ்சாவது உலகப் பட்டம், 24வது வெற்றி, கடைசி வெற்றியும் அதான். அவரு தாண்டிப் போன ரெண்டு பேருல ஒருத்தன் முந்தின வருஷம் கார எறங்கிக் குடுத்த அதே காலின்ஸ்.

இத சொன்னா எல்லாரும் அந்த நட்ட நழுவ விட்ட மெக்கானிக்க திட்டுவாங்க. நான் திட்ட மாட்டேன். அந்த வெக்கையில சூடான இரும்ப அவசரத்துல புடிக்கற கை நழுவத்தான் செய்யும். அதுவும் இல்லாம அதுக்கு முன்னாடி சரியா மாட்டுன ஆயிரம் நட்டு கணக்குல வராதா? பட்டறையில பொறந்து வளந்தவரு மாதிரிதான் ஃபாஞ்சியோவும், அர்ஜென்டினாவுல சின்னப் பையனா மெக்கானிக் வேலைக்குப் போனவரு, கை கரி அவருக்குத் தெரியும்.

மரியா தெரேசா தெ ஃபிலிப்பிஸ் பேரையும் சேத்துக்குங்க. உலக சாம்பியன்ஷிப் ஃபார்முலா ஒன்ல ஓட்டுன மொத பெண், 1958ல பெல்ஜியத்துல 10வதா வந்தாங்க, ஓட்டுனது 250எஃப்தான். பெண்கள் பேரும் மெக்கானிக் பேரும் எப்பவும் ஒரே கத்திரிக்குத்தான் மாட்டும்.

சரி, காரா ஓட்டுனவரா? 1958ல பிரான்ஸ்ல ரீம்ஸ் ரேஸ், ஃபாஞ்சியோவோட கடைசி ரேஸ், அதுவும் 250எஃப்லதான். காருக்கு வயசாயிடுச்சு, கம்பெனி முந்தின வருஷமே காசு இல்லாம டீம கலைச்சிட்டாங்க. முன்னாடி போயிட்டு இருந்த ஹாத்தார்ன் ஒரு முழு ரவுண்டு தாண்டுற அளவுக்கு அவர நெருங்கிட்டாரு. தாண்டல. வேகத்த கொறச்சு பின்னாடியே வந்தாரு. ஃபாஞ்சியோ நாலாவதா முடிச்சு எறங்குனாரு.