ரெண்டு பெரிய கீபோர்டு வச்சிருக்கறது தண்டச் செலவா? கேட்டதும் சொன்னதும்

நான் மெல்லிசைக் கச்சேரில கீபோர்டு வாசிக்கறவன். என்கிட்ட யமஹா மான்டேஜ் 8 ஒண்ணு, கோர்க் க்ரோனோஸ் 61 ஒண்ணு. ரெண்டுமே வந்தப்ப அந்தந்த கம்பெனியோட டாப் மாடல், அதனால "ஒண்ணு பத்தாதா உனக்கு"ன்னு கேக்காத ஆளே கிடையாது. இதே யோசனைல இருக்கறவங்க கேட்டதுக்கெல்லாம் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன். சவுண்டு டிசைன் படிச்சவன் இல்ல, ஸ்டேஜ்ல நின்னு தெரிஞ்சுகிட்டதுதான்.

கேள்வி (கோவை, ஆர்கெஸ்ட்ரா கீபோர்டிஸ்ட்): அண்ணே, என்கிட்ட மான்டேஜ் 7 இருக்கு. தெரிஞ்சவர் ஒருத்தர் க்ரோனோஸ் 61 செகண்ட்ஸ்ல குடுக்கறேங்கறாரு. ரெண்டுலயும் பியானோ, ஸ்ட்ரிங்ஸ், பிராஸ், எலெக்ட்ரிக் பியானோ எல்லாம் இருக்கு. வாங்குனா ஒரே சாமானை ரெண்டு தடவை வாங்குன கதை ஆயிடுமா?

பதில்: டோன் லிஸ்ட்டை பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா அப்படித்தான் தோணும் தம்பி. ஆனா உள்ள வேலை செய்யற விதம் வேற. மான்டேஜ்ல ரெண்டு இன்ஜின், அதாவது சத்தத்தை உருவாக்கற முறை. ஒண்ணு சாம்பிளை, அதாவது ரெக்கார்டு பண்ணி வச்ச சத்தத்தை வச்சு ஓடறது, இன்னொண்ணு எஃப்எம்-எக்ஸ், ஒரு அலையை இன்னொரு அலையால ஆட்டி சத்தம் உண்டாக்கறது. 1983ல வந்த யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டுல அந்த அலையை குடுக்கற ஆபரேட்டர் 6 இருந்துச்சுல்ல, அதோட வாரிசு, இதுல 8. க்ரோனோஸ்ல 9 இன்ஜின். அதுல ஆர்கனுக்கு தனியா சிஎக்ஸ்-3ன்னு ஒண்ணு, டிராபார்ங்கற குச்சியை இழுக்க இழுக்க நெஜ ஆர்கன் மாதிரியே நெறம் மாறும், ஏன்னா அது ரெக்கார்டு பண்ணி வச்ச சத்தம் இல்ல, அங்கயே கணக்கு போட்டு உருவாக்கறது. தந்தி வாத்தியத்துக்கு எஸ்டிஆர்-1, பழைய எலெக்ட்ரிக் பியானோவுக்கு இபி-1, அப்பறம் கோர்க்கோட பழைய அனலாக் சிந்த், அதாவது மின்சுற்றுலயே சத்தம் உண்டாக்குன கீபோர்டு, எம்எஸ்-20, பாலிசிக்ஸ் ரெண்டும் உள்ளயே இருக்கு.

அதனால பியானோவும் ஸ்ட்ரிங்ஸும் வாசிக்க க்ரோனோஸ் வாங்குனா தண்டம். ஆர்கனுக்கும் அனலாக் லீடுக்கும் (மெலடியை தனியா எடுத்து வாசிக்கற டோன்) வாங்குனா தண்டம் இல்ல. இதுல நீங்க எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றேன். கடைசி 10 கச்சேரி பாட்டு லிஸ்ட்டை எடுங்க, ஒவ்வொரு பாட்டுக்கு எதிர்லயும் என்ன டோன் போட்டீங்கன்னு பேனால எழுதுங்க, மெமரில இருந்து இல்ல, கீபோர்டை ஆன் பண்ணி பாத்து எழுதுங்க. நான் எழுதுனப்ப பேப்பர்ல ஒரு பக்கம் கூட நெறையல. ஆயிரக்கணக்குல டோன் குடுத்திருக்கான், நான் மாத்தி மாத்தி அதே ஸ்ட்ரிங்ஸ், அதே ஃப்ளூட், அதே பிராஸ். கொஞ்சம் அசிங்கமாத்தான் இருந்துச்சு. அந்த லிஸ்ட்ல உங்க மான்டேஜ் திணர்ற டோன் நாலஞ்சாவது இருந்தா க்ரோனோஸ் வாங்குங்க.

கேள்வி (திருநெல்வேலி, சர்ச்ல வாசிக்கறவர்): பிரதர், எனக்கு இடது கைல பேட் (பின்னணில நீளமா நிக்கற டோன்), வலது கைல பியானோ. அவ்வளவுதான். எல்லாரும் ரெண்டு அடுக்கு ஸ்டாண்ட் போட்டு வாசிக்கறாங்க, நானும் போடணுமா?

பதில்: வேண்டாம். 88 கட்டை இருந்தா ஸ்பிளிட், அதாவது கட்டையை ரெண்டா பிரிச்சு ஆளுக்கொரு டோன் வைக்கறது, தாராளமா போதும், பேடும் பியானோவும்னா ஸ்பிளிட் கூட வேண்டாம், லேயர் போட்டு, அதாவது ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணா வச்சு, பேடை ஸ்லைடர்ல ஏத்தி எறக்கிக்கலாம். அந்தக் காசுல நல்ல சஸ்டெயின் பெடல் ஒண்ணு, நல்ல மானிட்டர் ஒண்ணு வாங்குங்க.

கேள்வி (திருச்சி): சார், ரெண்டாவது கீபோர்டு பேக்கப்புக்குன்னு சொல்றாங்களே, நெஜமாவே ஸ்டேஜ்ல தேவைப்பட்டிருக்கா?

பதில்: ஒரு தடவை வசமா மாட்டிருக்கேன். இப்ப இருக்கற ரெண்டும் அப்ப கிடையாது, வேற செட். கும்பகோணம் பக்கம் கோயில் திருவிழா, ராத்திரி பதினோரு மணி இருக்கும், ரெண்டாவது சரணம் போய்ட்டிருக்கு, ஜெனரேட்டர் டப்புனு நின்னுச்சு. பாடற பொண்ணு மைக் இல்லாமயே பாடிட்டு நிக்குது, தபலாக்காரர் மட்டும் விடாம வாசிச்சிட்டிருக்காரு. பத்து செகண்டுல கரண்டு வந்துருச்சு, ஆனா கீழ இருந்த பெரிய கீபோர்டு கம்ப்யூட்டர் மாதிரி லோட் ஆயிட்டே இருக்கு. மேல இருந்த சின்னது உடனே முழிச்சுகிச்சு. அதுல முதல்ல வர்ற டோன் ஏதோ சாக்ஸபோன், மாத்த நேரமில்ல, ஸ்ட்ரிங்ஸ் வரவேண்டிய எடத்துல சாக்ஸபோனை வச்சே பிட்டை முடிச்சேன். கூட்டத்துல ஒருத்தருக்கும் தெரியல, எங்க கிட்டாரிஸ்ட் மட்டும் திரும்பி பாத்து சிரிச்சாரு.

அதுக்கப்பறம் ரெண்டு விஷயம் மாத்துனேன். ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு வைக்கற சின்ன யூபிஎஸ் ஒண்ணு ஸ்டாண்டுக்கு கீழ எப்பவும் இருக்கும். பெரிய கீபோர்டு வச்சிருக்கறவங்க இதைத்தான் முதல்ல வாங்கணும், க்ரோனோஸ் எல்லாம் ஆன் ஆகறதுக்கே ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆகும், உள்ள லினக்ஸ்ல ஓடற ஒரு கம்ப்யூட்டர்தானே அது. ரெண்டாவது விஷயம்தான் முக்கியம். மான்டேஜ்ல லைவ் செட்னு டோனை வரிசையா அடுக்கி வைக்கற திரை இருக்கு, அதுல ஒரு பக்கத்துக்கு 16 கட்டம், க்ரோனோஸ் செட் லிஸ்ட்லயும் ஒரு பக்கத்துக்கு 16. அன்னிக்கு கச்சேரில 5வது பாட்டுன்னா ரெண்டுலயும் 5வது கட்டத்துல அந்தப் பாட்டுக்கான டோன் இருக்கும். ஒண்ணு போனா இன்னொண்ணுல அதே எடத்துல கை போகும். இந்த வேலைய செய்யாம ரெண்டாவது கீபோர்டை பேக்கப்னு சொல்லிக்கறதுல அர்த்தம் இல்ல, அது சும்மா மேல ஒக்காந்திருக்கற பொட்டி.

கேள்வி (சேலம்): அப்ப பேக்கப்புக்கு இன்னொரு மான்டேஜே வாங்கறதுதானே புத்திசாலித்தனம்? இல்ல மோடிஎக்ஸ் போதுமா?

பதில்: போதும். 2018ல வந்த மோடிஎக்ஸ் மான்டேஜோட தம்பி மாதிரி, டோன் ஏறக்குறைய அதேதான், மான்டேஜ் ஃபைலை பென்டிரைவ்ல போட்டா திறந்துக்கும். எங்க கம்மின்னா, எஃப்எம்-எக்ஸ் பாலிஃபோனி, அதாவது ஒரே நேரத்துல ஒலிக்கற ஸ்வரம், பாதி, 128க்கு பதிலா 64. ஒரு டோன்ல இருந்து இன்னொண்ணுக்கு சத்தம் அறுபடாம மாறுறது மான்டேஜ்ல 8 பார்ட் (டோனுக்குள்ள அடுக்கற பகுதி) வரைக்கும், இதுல 4 தான். ஆஃப்டர்டச் (கட்டையை அமுக்குன அப்பறமும் அழுத்தி சத்தத்தை மாத்தறது) கிடையாது, ரிப்பன் (விரலை இழுத்து சத்தத்தை மாத்தற பட்டை) கிடையாது. 2022ல வந்த மோடிஎக்ஸ் பிளஸ்ல அந்த 128 வந்துருச்சு.

ஆனா வெயிட்டை பாருங்க. மான்டேஜ் 8 மட்டும் 29 கிலோ, கேஸோட தூக்கினா ரெண்டு ஆள் வேணும். மோடிஎக்ஸ் 6 ஏழு கிலோ கூட வராது, தோள்ல மாட்டிட்டு பஸ்ல ஏறிடலாம். எனக்கு இடுப்பு வலி வந்ததுக்கப்பறம்தான் இதோட அருமை தெரிஞ்சுது. ஒரே ஒரு எச்சரிக்கை, அது அடாப்டர்ல ஓடறது, ஸ்பேர் அடாப்டர் ஒண்ணு பைல இருக்கட்டும், இல்லன்னா பேக்கப்புக்கே பேக்கப் தேட வேண்டி வரும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அண்ணை, என்னட்ட மோட்டிஃப் எக்ஸ்எஃப் ஒண்டு கன காலமா இருக்கு. இப்ப மான்டேஜ் எடுக்கப் போறன். பழசை விக்கட்டோ, வைச்சிருக்கட்டோ? நான் வீட்டில இருந்து பாட்டு செய்யிறனான், மேடைக்குப் போறது குறைவு.

பதில்: தம்பி, சத்தத்துக்காகன்னா வைச்சிருக்க வேண்டியதில்ல. யமஹாவோட எக்ஸ்எஃப் 2010ல வந்தது, உள்ள 741 எம்பி சாம்பிள். 2016ல வந்த மான்டேஜ்ல 5 ஜிபிக்கு மேல, மோட்டிஃப் வாய்ஸ் (டோன்) ஃபைலையும் அது ஏத்துக்கும், அதனால நீங்க செஞ்சு வச்ச வாய்ஸ் எல்லாம் கூடவே வந்துரும். நான் மேல சொன்ன தண்டத்துக்கு இதுதான் சுத்தமான உதாரணம்.

ஆனா நீங்க வீட்ல பாட்டு செய்யறவருன்னு சொன்னதுதான் இடிக்குது. மோட்டிஃப்ல 16 டிராக் சீக்வென்சர், அதாவது வாசிக்கறதை ஒவ்வொரு வாத்தியமா பதிஞ்சு பாட்டு கட்டற வசதி, பொட்டிக்குள்ளயே இருக்கு. மான்டேஜ் வந்தப்ப அந்த மாதிரி முழு சீக்வென்சர் இல்லாமத்தான் வந்துச்சு, சின்னச் சின்ன துண்டா பதியற பேட்டர்ன் சீக்வென்சரே 2019ல ஓஎஸ் 3ல தான் குடுத்தாங்க, அப்பவும் மோட்டிஃப்ல பழகுன கைக்கு அது வேற ரூட்டு. கம்ப்யூட்டர் இல்லாம மோட்டிஃப்லயே பாட்டு கட்டற பழக்கம் இருந்தா அவசரப்பட்டு வித்துடாதீங்க. முதல்ல உள்ள இருக்கற பாட்டு எல்லாத்தையும் ஒண்ணு ஒண்ணா மிடி ஃபைலா (எந்த ஸ்வரம் எப்ப வருதுன்னு குறிச்சு வைக்கற ஃபைல்) எடுத்து வைங்க, மான்டேஜ்ல முழுசா ஒரு பாட்டு செஞ்சு முடிங்க, அப்பறம் விலை பேசலாம்.

கேள்வி (மதுரை): அண்ணே ரெண்டு கீபோர்டையும் மிடி கேபிள்ல கோத்து ரெண்டு பியானோவையும் சேத்து வாசிச்சா சவுண்டு பெருசா வருமா?

பதில்: பெருசா வராது, கலங்கலா வரும். ரெண்டு பியானோ சாம்பிள்லயும் சுத்தியல் தந்தில அடிக்கற அந்த முதல் நொடி ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது, ஒரு ஆள் ஜோடி சேராத ரெண்டு செருப்பு போட்டு நடக்கற மாதிரி தட தடன்னு கேக்கும். போதாக்குறைக்கு கல்யாண மண்டபத்துல பாதி எடத்துல ஸ்பீக்கர் மோனோ, ஸ்டீரியோ பியானோ ஒண்ணே அங்க சப்புனு போயிடும், இதுல ரெண்டா? வீட்லயே எல்/மோனோ ஜாக்ல மட்டும் கேபிள் குத்தி கேட்டு பாருங்க, மண்டபத்துல என்ன கேக்கும்னு தெரிஞ்சுடும்.

சேக்கணும்னா வேற வேற குணத்தை சேருங்க. மான்டேஜ்ல எஃப்எம் எலெக்ட்ரிக் பியானோ, அந்த கண்ணாடில தட்டுன மாதிரி சத்தம், அதுக்கு அடில க்ரோனோஸ் பாலிசிக்ஸ் பேட் மெல்லிசா. இது ஒட்டும். வயசானவங்க கண்ணு கலங்கும்.

கேள்வி (தஞ்சாவூர், ஃப்யூஷன் குழு): சார், கமகம் எதுல நல்லா வரும்? இதுக்காகவாவது ரெண்டு வச்சிருக்கலாமா?

பதில்: நல்ல கேள்வி, இதை யாரும் யோசிக்கறதே இல்ல. எல்லாரும் டோனை ஒப்பிட்டு பாப்பாங்க, இடது கையை மறந்துடுவாங்க. ஸ்வரத்தை மேல கீழ இழுக்கற பிட்ச் பெண்டுக்கு யமஹால சக்கரம், முன்னாடி பின்னாடி உருட்டணும். கோர்க்ல ஜாய்ஸ்டிக், இடம் வலம் தள்ளணும், லேசா மேல சாஞ்சா போதும் தானா வைப்ரேட்டோ, அதாவது ஸ்வரம் நடுங்கறது, ஏறிடும். கல்யாணில மத்யமத்தை ஆட்டும்போது எனக்கு சக்கரம்தான் ஒத்து வருது, கட்டை விரலை மேல வச்சு பஞ்சமத்துல இருந்து இழுத்து இழுத்து விடுவேன். ஜாய்ஸ்டிக்ல அதே ஆட்டம் அவசரத்துல கோணலா போயி, கேக்காத வைப்ரேட்டோ வந்து, கமகம் நடுக்கமாயிடும். ஜாய்ஸ்டிக்லயே வளந்தவங்க இதை அப்படியே தலைகீழா சொல்லுவாங்க, அவங்க சொல்றதும் சரிதான்.

ஆகவே ரெண்டு வச்சிருந்தா ஃப்ளூட், வயலின், நாதஸ்வர பிட்டு எல்லாம் எப்பவும் ஒரே கீபோர்டுலயே வாசிங்க. மாத்தி வாசிக்கணும்னா ரெண்டுலயும் பெண்ட் ரேஞ்சை, அதாவது எவ்வளவு தூரம் இழுக்கும்ங்கறதை, ஒரே அளவா வச்சுக்கங்க, டோனுக்கு டோன் மாறி இருக்கும், செக் பண்ணாம போனா ரெண்டு ஸ்வரம் இழுக்க வேண்டிய எடத்துல ஒரு ஸ்தாயியே போயிடும். எனக்கு போயிருக்கு.

கேள்வி (சென்னை): ப்ரோ, லேப்டாப்ல ப்ளக்-இன் (வாத்திய சத்தம் குடுக்கற சாஃப்ட்வேர்) இருக்கறப்ப இதெல்லாம் எதுக்கு?

பதில்: ஸ்டுடியோன்னா லேப்டாப்தான், சண்டைக்கே வரல. மே மாசம் திறந்தவெளி மேடைல, தூசில, ஜெனரேட்டர் கரண்டுல மூணு மணி நேரம் ஓட்டி பாத்துட்டு வாங்க, பேசலாம்.

கேள்வி (ஈரோடு): பழைய மான்டேஜ் இருக்கு, புது மான்டேஜ் எம் வாங்குனா பழசை வைச்சிக்கலாமா?

பதில்: 2023ல வந்த எம்-ல அனலாக் மாதிரி ஏஎன்-எக்ஸ்னு ஒரே நேரத்துல 16 ஸ்வரம் ஒலிக்கற இன்ஜின் ஒண்ணு சேத்திருக்காங்க, 88 கட்டை மாடலான எம்8எக்ஸ்ல மட்டும் ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனி ஆஃப்டர்டச். மத்தபடி அதே குடும்பம். மாசத்துக்கு நாலு கச்சேரிக்கு மேல இருந்தா பழசை ஸ்பேரா வைங்க, பழைய ஃபைலே புதுசுலயும் திறக்கும். வீட்ல மட்டும் வாசிக்கறீங்கன்னா பழசை வித்துட்டு வாங்குங்க, இல்ல வாங்காமயே இருங்க, ஒண்ணும் குடி முழுகாது.

கேள்வி (கோவை, முதல்ல கேட்டவரே): அண்ணே கடைசியா ஒண்ணு. கட்டாயம் ஒண்ணை வித்தாகணும்னா எதை விப்பீங்க?

பதில்: மான்டேஜை. சத்தம் அதுலதான் நல்லாருக்கு, ஸ்டேஜ்ல நம்பி நிக்கறதும் அதைத்தான். ஆனா அதே டோனை மோடிஎக்ஸ்ல ஏறக்குறைய தேத்திடுவேன், க்ரோனோஸ் ஆர்கனுக்கு மாத்தா கோர்க்லயே 2020ல அதே 9 இன்ஜினோட நாட்டிலஸ்னு கீபோர்டு வந்துருச்சு, இருந்தாலும் அதுல ஆரம்பத்துல ஆஃப்டர்டச் இல்ல, பழைய ரிப்பனும் இல்ல, எனக்கு கை போகல. நீங்க அந்த க்ரோனோஸை பாக்கப் போறப்ப எல்லா கட்டையையும் மெதுவா ஒரு தடவை அமுக்கி பாருங்க, டச் ஸ்கிரீன் நாலு மூலையும் வேலை செய்யுதான்னு பாருங்க, ஆஃப் பண்ணி ஆன் பண்ணி முழுசா லோட் ஆகற வரைக்கும் பக்கத்துலயே நில்லுங்க. டீ குடிக்க கூப்பிட்டா போகாதீங்க.